இரண்டு பொங்கல், ஒரு டிக்‌ஷனரி



இந்த எபிசோட்ல பைத்தானோட டிக்ட் பற்றிப் பேசினோம். கோடை காதால கேட்டுப் புரிஞ்சுக்கிறது கஷ்டம். அதனால ஒரு விஷயத்தை இங்கே எழுத்துல சொல்றேன்: டிக்ட்டை நம்ம தேவைக்கு ஏத்த மாதிரி எப்படி மாத்துறது?

ஏன் மாத்தணும்?
'பொங்கல்' என்ற சொல்லை எடுத்துக்குங்க. அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமா எழுதலாம்: ஒரே குறியீடாக, இல்லைன்னா ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாக. ஸ்கிரீன்ல வித்தியாசமே தெரியாது. ஆனா லென் போட்டுப் பாருங்க, ஒன்று 7, மற்றது 8. டிக்ட்டுக்கு இவை இரண்டு வேறு கீ. ஒரு விதமா சேமிச்சு, மற்ற விதமா தேடினா கீஎரர்தான். ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே கதை. கோபி, சௌம்யா, கவனிங்க!

யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ், 'என்எஃப்சி' என்று சொன்னா இரண்டையும் ஒரே வடிவமாக்கும். ஒவ்வொரு கீக்கும் இது தானா நடக்கணும்.

முதல்ல தோணுற வழி
டிக்ட்டை சப்கிளாஸ் செய்து செட்ஐட்டம், கெட்ஐட்டம் இரண்டையும் ஓவர்ரைட் செய்வது. 2001-ல் வந்த பைத்தான் 2.2-லிருந்தே இது முடியும். சதுர அடைப்புக்குறி போட்டு எழுதினா சரியா வேலை செய்யும். ஆனா அப்டேட், கெட், கன்ஸ்ட்ரக்டர் மூன்றும் நாம எழுதினதைக் கூப்பிடவே கூப்பிடாது. டிக்ட் சி மொழியில் எழுதப்பட்டது. வேகத்துக்காக அதன் மெத்தட்கள் நேரா உள்ளே இருக்கும் டேபிளுக்கே போயிடும். வாசல்ல காவல் போட்டோம், சாமான் கொல்லைப்புறமா போகுது! சேமிக்கும்போது எரர் எதுவும் வராது, ஆபத்தே அதுதான்.

நான் சொல்ற வழி
கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் இருக்கும் யூசர்டிக்ட். இது பைத்தானிலேயே எழுதப்பட்டது. உள்ளே 'டேட்டா' என்ற பெயரில் சாதாரண டிக்ட் ஒன்றை வைத்திருக்கும். அப்டேட்டும் கன்ஸ்ட்ரக்டரும் இங்கே நம்ம செட்ஐட்டம் வழியாத்தான் போகும். செட்ஐட்டம், கெட்ஐட்டம், டெல்ஐட்டம், கன்டெய்ன்ஸ் நாலையும் எழுதுங்க. ஒவ்வொன்றிலும் கீயை நார்மலைஸ் செய்து சூப்பருக்கு அனுப்புங்க. அவ்வளவுதான்.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. வேகம் குறையும். 'நீ டிக்ட்டா?' என்று இஸ்இன்ஸ்டன்ஸ் கேட்டா, இல்லைன்னு பதில் வரும். ஜேசன் டம்ப்ஸும் அப்படியே ஏத்துக்காது. டேட்டாவை எடுத்துக் கொடுக்கணும்.

அப்போ டிக்ட்டை நேரா சப்கிளாஸ் செய்யவே கூடாதா?
செய்யலாம். புது மெத்தட் மட்டும் சேர்க்கிறீங்கன்னா, இல்லைன்னா மிஸ்ஸிங் மெத்தடை மட்டும் எழுதுறீங்கன்னா, அதுவே போதும். பைத்தானோட கவுண்ட்டர் அப்படித்தான், இல்லாத கீயைக் கேட்டா 0 தரும். ஆனா சதுர அடைப்புக்குறியில் கேட்டால்தான் மிஸ்ஸிங் வேலை செய்யும். கெட் அதைக் கண்டுக்காது.

வீட்டுப்பாடம்: இரண்டு கிளாஸையும் எழுதி, இரண்டு வித 'பொங்கல்'லையும் அப்டேட் வழியா உள்ளே போடுங்க. கடைசியில் லென் 1 வருதா, 2 வருதா என்று பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!