உப்பேறிய வயல்

நுழையும் முன்

கோலார் தங்கவயலில் வாழும் மாணவர்களுக்குச் சயனைடு மேடுகளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண், ஆண்டுதோறும் கொட்டப்பட்டுக் குன்றுகளாக உயர்ந்தது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்று விரிவாக்கிய சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பொன் போயிற்று, மேடுகள் நின்றன. காற்று மிகும் நாள்களில் அவற்றின் புழுதி வீடுகளுக்குள்ளும் வருகிறது. பொன்னுக்கு விலை குறித்தவர்கள் இந்தப் புழுதியையும் கணக்கில் சேர்த்தார்களா?

இதே வினா, தமிழ்நாட்டின் கடற்கரையிலும் ஒருநாள் எழுந்தது. அங்கு ஏற்றுமதியான பொருள் பொன் அன்று, இறால்.

நெல் விளைந்த மண்

காவிரி கடலோடு கலக்கும் நாகப்பட்டினம் பகுதி, நெல்லுக்குப் பெயர்பெற்றது. ஆனால், வயலில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களுள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி.

இக்கொடுமைக்குப் பின், பூமிதான இயக்கத்தில் பணியாற்றி வந்த எஸ். ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் அப்பகுதி மக்களோடு தங்கிப் பணிசெய்தனர். 1981இல் அவர்கள் ‘லாஃப்டி’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். ‘உழுபவர்க்கு நிலம்’ என்பதே அதன் நோக்கம். நிலவுடைமையாளரிடம் பேசி, நியாயமான விலைக்கு நிலத்தைப் பெற்று, நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தனர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் நாற்று நட்ட பெண்கள், தம் பெயரில் உள்ள வயலில் நாற்று நட்டனர்.

வயலுக்குள் வந்த கடல்

1990களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இறாலின் தேவை பெருகியது. அயல்நாட்டுப் பணம் ஈட்டித் தரும் பொருள் என்பதால் இறால் வளர்ப்புக்கு ஊக்கம் கிடைத்தது. கடற்கரையை ஒட்டிய நெல்வயல்களைப் பண்ணை நிறுவனங்கள் விலைக்கு வாங்கின.

இறால் பண்ணை இயங்கும் முறையை அறிந்துகொண்டால்தான் சிக்கலும் விளங்கும். நிலத்தைச் சுற்றிக் கரை எழுப்பிக் குளமாக்குவர். கடலிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ உப்புநீரைப் பொறிகளால் இறைத்து நிரப்புவர். உப்பின் அளவைக் குறைக்க, நிலத்தடி நன்னீரை எடுத்துக் கலப்பர். பொரிப்பகத்திலிருந்து வாங்கிய குஞ்சுகளை விட்டு, தீவனம் இட்டு, நோய் வராமலிருக்க மருந்துகளும் இடுவர். ஏறத்தாழ நான்கு மாதங்களில் இறால் அறுவடைக்கு வரும். அப்போது உண்ணப்படாத தீவனம், இறாலின் கழிவு, மருந்து ஆகியவை கலந்த நீர் வாய்க்காலில் திறந்துவிடப்படும்.

இறால் குளிர்பதனப் பெட்டியில் ஏறிக் கடல் கடந்து சென்றது. உப்பு ஊரிலேயே தங்கியது. குளத்தின் உவர்நீர் மண்ணுக்குள் கசிந்து பக்கத்து வயலில் இறங்கியது. அங்கு நெற்பயிர் கருகியது. குடிநீர்க் கிணறுகள் உவர்த்தன. பெண்கள் குடத்தோடு நெடுந்தொலைவு நடந்தனர். வாய்க்காலில் விடப்பட்ட கழிவுநீர், மீன்வளத்தைக் குறைத்தது. கரையை நோக்கிச் சென்ற மீனவரின் வழித்தடங்களில் சில, பண்ணை வேலிகளால் அடைபட்டன.

வேலைவாய்ப்பும் சுருங்கியது. நெல்வயலில் நடவு, களையெடுப்பு, அறுவடை எனப் பல கைகளுக்கு வேலை உண்டு. அதே பரப்பிலுள்ள இறால் குளத்துக்கோ காவலர் ஒருசிலர் போதும். ஒரு விவசாயி நிலத்தை விற்க மறுத்தாலும் பயனில்லை. பக்கத்துக் குளத்தின் உப்பு அவருடைய வரப்பைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நீதிமன்றத்தின் வாசலில்

லாஃப்டியின் வழியே நிலம் பெற்ற மக்களின் உழைப்பு மீண்டும் பறிபோவதை ஜெகந்நாதன் தம்பதியர் கண்டனர். அறவழியில் மறியலும் உண்ணாநோன்பும் நடந்தன. 1994இல், எண்பது வயதை ஒட்டியிருந்த ஜெகந்நாதன், இந்திய உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றம் செய்திகளை மட்டும் நம்பவில்லை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்களை அனுப்பிக் கடற்கரைப் பகுதிகளை நேரில் ஆராயச் செய்தது. இறாலால் வரும் வருவாயைவிட, அதனால் மக்களுக்கும் இயற்கைக்கும் நேரும் இழப்பின் மதிப்பு மிகுதி என்று அந்த ஆய்வு கூறியது.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பு வழங்கினர். அதன் முதன்மையான கூறுகள் வருமாறு:

1. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகள் அகற்றப்பட வேண்டும். மரபுவழி இறால் வளர்ப்புக்கு மட்டும் விலக்கு உண்டு.
2. விளைநிலம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைப் பண்ணையாக மாற்றக்கூடாது.
3. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும். கெட்ட சூழலைச் சீராக்கும் செலவையும் அவரே ஏற்கவேண்டும்.
4. பண்ணைகள் மூடப்படுவதால் வேலை இழக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு, கூடுதலாக ஆறு ஆண்டு ஊதியமும் வழங்கவேண்டும்.

நான்காம் கூறு ஊன்றி நோக்கத்தக்கது. தவறு நிறுவனத்தினுடையது, கூலிக்குச் சென்றவருடையது அன்று. மண்ணைக் காக்கும் தீர்ப்பு, தொழிலாளியைத் தெருவில் நிறுத்திவிடலாகாது. சுரங்கம் மூடப்பட்ட பின் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு சென்று உழைத்துத் திரும்பும் குடும்பங்களைக் கண்டு வளர்ந்த மாணவர்களுக்கு, இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. பண்ணையாளர்கள் மறு ஆய்வு கோரினர்; பண்ணைகளை அகற்றும் ஆணை 1997இல் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பண்ணைத் தொழிலை நிலைக்கச் செய்தது. அதேவேளை, பதிவு பெறாமல் பண்ணை நடத்துவதைத் தடை செய்தது. பெரிய பண்ணைகள் கழிவுநீரைத் தெளியவைத்துத் தூய்மை செய்த பின்பே வெளியேற்ற வேண்டும் என்றும், தீங்கு தரும் சில மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதிகள் வந்தன. இன்று இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதியில் மிகுதியான வருவாய் ஈட்டுவது உறைய வைத்த இறாலே. ஆகவே, அந்த விதிகள் ஏட்டில் உள்ளனவா, குளக்கரையிலும் உள்ளனவா என்பதே இன்றைய வினா.

ஜெகந்நாதன் தம்பதியர்க்கு 2008இல், மாற்று நோபல் பரிசு எனப் போற்றப்படும் ‘வாழ்வுரிமை விருது’ வழங்கப்பட்டது.

இறாலும் நெல்லும் கூடி வாழும் வயல்

இறால் வளர்ப்பே தீமை என்று கருதிவிடக் கூடாது. கேரளத்தின் கடலோரத்தில் ‘பொக்காளி’ என்னும் வேளாண் முறை நெடுங்காலமாக உள்ளது. மழைநீர் உப்பைக் கழுவும் ஜூன் முதல் அக்டோபர் வரை, உவரைத் தாங்கும் நெல் அங்கே விளையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதே வயலில் கடல்நீர் ஏற, இறால் வளரும். நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகும். இறாலின் கழிவு நெல்லுக்கு உரமாகும். மண் கெடுவதில்லை, வயலும் வேலையும் ஊராரிடமே இருக்கின்றன. அளவறிந்து செய்யும் தொழில் நிலைக்கும் என்பதற்குப் பொக்காளி சான்று.

ஒரு பொருளின் உண்மையான விலை, கடையில் கொடுக்கும் பணம் மட்டும் அன்று. கெட்ட கிணறு, கருகிய பயிர், வேலை இழந்த கைகள் ஆகியவையும் அதில் அடங்கும். அந்த மீதி விலையை, இலாபம் பெற்றவர் கொடாவிட்டால், அங்கு வாழும் ஏழை கொடுக்க நேரும். நாகப்பட்டினத்தின் உப்பேறிய வயலும், தங்கவயலின் சயனைடு மேடும் கூறுவது இதுவே.

சொற்பொருள்

உவர்நீர் – உப்புத்தன்மை உடைய நீர்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்குமிடம்
பொரிப்பகம் – முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கச் செய்யும் இடம்
அலையாத்திக் காடு – அலையின் வேகத்தைத் தணிக்கும் கடலோரக் காடு
மறியல் – வழிமறித்து எதிர்ப்பைத் தெரிவித்தல்

பயிற்சி

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. லாஃப்டி அமைப்பு தொடங்கப்பட்ட ஆண்டு ________.
2. பொக்காளி வயலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ________ வளர்க்கப்படும்.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இறால் குளத்தில் நன்னீர் கலக்கப்படுவது ஏன்?
2. நிலத்தை விற்க மறுத்த விவசாயியும் பாதிக்கப்பட்டது எவ்வாறு?

இ) ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. தீர்ப்பின் நான்காம் கூறு நேர்மையானது எனக் கருதுகிறாயா? காரணம் காட்டுக.
2. சயனைடு மேட்டையும் உப்பேறிய வயலையும் ஒப்பிடுக. வேறுபாடு ஒன்றையும் குறிப்பிடுக.

ஈ) மொழிப் பயிற்சி
1. பிரித்து எழுதுக: கடலுணவு, நன்னீர், விளைநிலம்.
2. உப்பு, மீன், நீர், மண் ஆகிய சொற்களைக் கன்னடத்தில் எவ்வாறு சொல்வர்? எழுதி, தமிழோடு ஒப்பிட்டு, ஒற்றுமையைக் கூறுக.

உ) செயல்திட்டம்
உன் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், சுரங்கம் இயங்கிய காலத்தில் ஊருக்குக் கிடைத்தவை எவை, சுரங்கம் விட்டுச் சென்றவை எவை எனக் கேட்டறிக. அவர் சொன்னவற்றை இரண்டு பத்திகளாகத் தமிழில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.