குளிர்காலத்துக்கு முன் பாய்லரைச் சீர்செய்தல்

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வீடுகளில் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் நீங்கலாக, கண்டென்சிங் வகையைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும் என்பது விதி. புகையோடு போய்விடும் நீராவியைக் குளிர்வித்து, அது நீராக மாறுகையில் வெளிவிடும் உஷ்ணத்தையும் மீட்டு வீட்டுக்கே அளிப்பது இந்த யந்திரத்தின் விசேஷம். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலன்றி அந்த மீட்பு நடவாது. பல வீடுகளிலோ பாய்லர், பொருத்திய நாளில் வைத்தபடியே, 75 அல்லது 80 டிகிரியில் நீரை அனுப்பிக்கொண்டிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய குணத்தை அனுபவியாமலே வருஷக்கணக்காக எரிவாயுவுக்குப் பணம் கட்டுவது பரிதாபமன்றோ! அந்த உஷ்ணத்தைத் தணிப்பதே பிரதான காரியம். அதற்குமுன் செய்யவேண்டிய பூர்வாங்க வேலைகள் இரண்டு உண்டு.

முதலாவது, ஹீட்டிங்கை ஓடவிட்டு ஒவ்வொரு ரேடியேட்டரையும் பரிசோதிப்பது. மேற்பாகம் மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, மேல்மூலைத் திருகில் சாவியைப் பொருத்தி, துணியைக் கீழே பிடித்துக்கொண்டு, இடஞ்சுழியாகச் சிறிது திருப்பி, சீறல் அடங்கி நீர் துளிர்த்தவுடன் மூடிவிடவேண்டும். பின்பு பாய்லரின் அழுத்தமானி, குளிர்ந்த நிலையில், 1 முதல் 1.5 பார் வரை காட்டுகிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் நீர் நிரப்புக. அடிப்பாகம் குளிர்ந்திருந்தாலோ அது துருச்சேற்றின் அறிகுறி. குழாய்களை அலசி, அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கும் அவ்வேலையைத் தேர்ந்தவரிடம் விடுவதே உசிதம்.

இரண்டாவது வேலைக்குப் பொறுமை வேண்டும். தலைமடை வயல் நீரை வாரிக்கொள்ளக் கடைமடை காய்வதுபோல, பாய்லருக்கு அண்மையிலுள்ள ரேடியேட்டர் கொதிக்க, கோடியிலுள்ள படுக்கையறை குளிர்ந்துகிடக்கும். வீட்டாரோ காரணம் அறியாமல் பாய்லரின் உஷ்ணத்தை ஏற்றுவார்கள். எண்கள் பொறித்த வால்வுகளையெல்லாம் முழுவதும் திறந்துவிட்டு, ரேடியேட்டரின் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடியின்கீழ் இருக்கும் லாக்ஷீல்ட் வால்வை, அண்மையிலுள்ளவற்றில் சிறுகச் சிறுக நெருக்கி, எல்லா அறைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சூடேறும்வரை திருத்தவேண்டும். ஒவ்வொன்றையும் எத்தனை சுற்றுத் திருப்பினோம் என்று குறித்துவைத்தால், பழைய நிலைக்கு மீள்வது சுலபம்.

இனி, பாய்லர் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் நீரை 60 டிகிரிக்கு இறக்குக. வெந்நீரைத் தொட்டியில் சேமிக்காமல் அவ்வப்போது சூடாக்கித் தரும் காம்பி பாய்லரில் ரேடியேட்டருக்கும் குழாய் வெந்நீருக்கும் பெரும்பாலும் தனித்தனி அமைப்பு உண்டு. ரேடியேட்டருக்கு உரியதையே தொடவேண்டும். இரண்டொரு நாளில் அறைகள் விரும்பிய வெதுவெதுப்பை அடைந்தால் 55க்கு இறங்கிப் பார்க்கலாம். அடையாவிட்டால் சில டிகிரி ஏற்றலாம். சூடேற நேரம் அதிகம் பிடிக்குமாதலால் ஹீட்டிங்கைச் சற்று முன்னதாகவே தொடங்கவேண்டும். வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில், லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகாதிருக்க அந்நீர் 60 டிகிரியில் இருப்பது அவசியம். ஆகையால் அங்கே நிபுணரின் யோசனையின்றி எதையும் மாற்றலாகாது. பாய்லரின் உள்மூடியைத் திறக்கும் வேலை எதுவானாலும் கேஸ் சேஃப் என்னும் எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் இடம்பெற்றவருக்கே உரியது.

புழங்காத அறைகளின் வால்வுகளைத் தணித்துவைக்கலாம். தெர்மோஸ்டாட் உள்ள அறையில் மட்டும் முழுவதும் திறந்தே இருக்கட்டும், இல்லையேல் அது வீடு முழுவதும் குளிர்ந்திருப்பதாக எண்ணிப் பாய்லரை ஓயாது எரிக்கும். சோபாவும் திரையும் ரேடியேட்டரை மறைக்கவேண்டாம். முதியோரும் கைக்குழந்தைகளும் வசிக்கும் அறை, சிக்கனத்தின் பெயரால், 18 டிகிரிக்குக் கீழே போக ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது.