பஞ்சுவுக்குச் சிக்கெடுக்கும் நேரம்

தாம்பரத்தை அடுத்த ஓர் அடுக்ககத்தில் அன்று எண்ணெய்க் குளியல். பாட்டி, அம்மா, பத்து வயது மகள் என்று வரிசையாகத் தலைக்குக் குளித்து முடித்ததும் நான்காவதாகப் பஞ்சுவின் முறை வந்தது. பஞ்சு அந்த வீட்டுக்கு வந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஆண் கினிப்பன்றி. வெள்ளையும் பழுப்புமாக அதன் முடி தரையைக் கூட்டிக்கொண்டே போகும். "கரைச்ச சீயக்காய் மிச்சம் இருக்கு, அதையே போட்டு அலசிவிடும்மா. கடைச் சரக்கைவிட இது நல்லது" என்றார் பாட்டி. மருமகளும் அப்படியே செய்தார்.

பத்து நிமிடத்தில் பஞ்சுவின் கண்கள் சிவந்து நீர் வழிந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கூண்டின் மூலையில் ஒடுங்கியது, இரவுவரை ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. அன்றிரவே அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கண்ணைக் கழுவிச் சொட்டு மருந்து விட்ட கால்நடை மருத்துவர், கண்ணைவிடத் தீனியைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். கினிப்பன்றியின் குடல் ஓயாமல் வேலை செய்தாக வேண்டும். அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் மந்தமாகி வாயு சேரத் தொடங்கும்; அது நீடித்தால் உயிருக்கே ஆபத்து. பயந்துபோன கினிப்பன்றி முதலில் விடுவது தீனியைத்தான்.

பஞ்சு பிழைத்துக்கொண்டது. இப்போது அதற்கு நான்கு வயது தாண்டிவிட்டது. துணைக்கு முத்து என்று இன்னொரு ஆணும் வந்து சேர்ந்துவிட்டது. நீண்ட முடிக் கினிப்பன்றியை எப்படிக் குளிப்பாட்டுவது என்று யாராவது கேட்டால் அந்த அம்மா சொல்லும் முதல் பதில் ஒன்றுதான்: "குளியலைக் கடைசியில பேசுவோம். முதல்ல சீப்பை எடுங்க."

மலைப் பிராணி, மனிதர் வளர்த்த முடி

தமிழ் அகராதிகள் இதைச் சீமைப் பெருச்சாளி என்கின்றன. ஆனால் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் 'கினி பிக்' என்றால்தான் புரியும். பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வீட்டில் வளர்க்கத் தொடங்கிய பிராணி இது. அங்கே இதன் பெயர் 'கூய்'. இயற்கை இதற்குக் கொடுத்தது உடம்போடு ஒட்டிய குட்டை முடிதான். தரையில் புரளும் முடி, மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனங்களில் மட்டுமே உண்டு.

பஞ்சு 'பெருவியன்' இனம். முதுகில் வகிடு பிரிந்து, முடி முகத்தின் மேலும் சரியும். முத்து 'ஷெல்டி'; அமெரிக்காவில் இதையே 'சில்கி' என்பார்கள். இதன் முடி பின்பக்கமாக மட்டும் வழியும், முகம் பளிச்சென்று தெரியும். ஷெல்டிக்கு நெற்றியில் ஒரு சுழி இருந்தால் 'கொரோனெட்', உடம்பெங்கும் சுருட்டையாக இருந்தால் 'டெக்ஸெல்'. சுருட்டை முடியில் சிக்கு விழுவதும் அதிகம், எடுப்பதும் கடினம். முதல்முறையாக வளர்ப்பவர்களுக்கு ஷெல்டிதான் கொஞ்சம் தோது.

பெருவியன் முடி மாதத்துக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் வளரும். வெட்டாமல் விட்டால் ஐம்பது சென்டிமீட்டர்வரைகூடப் போகும். பிரிட்டனில் கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, பழுப்புக் காகிதத்திலும் மெல்லிய பால்சா மரத்துண்டிலும் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைப்பார்கள். அந்தக் கற்றைகளை நாள்தோறும் அவிழ்த்து, சீவி, மறுபடியும் சுருட்டுவார்கள். அழகான உழைப்புதான். ஆனால் அந்த முடியைச் சென்னையில் வளர்ப்பது பிராணிக்குச் செய்யும் கொடுமை. கினிப்பன்றிக்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். 27 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு வெப்பத்தாக்கு வரக்கூடும். வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் வசதி அதற்குக் கிடையாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் நீளமுடி ஒரு கம்பளிப் போர்வை.

அதனால் அந்த வீட்டில் கத்தரி மாதம் ஒருமுறை வெளியே வரும். முடியின் விளிம்பு தரையிலிருந்து இரண்டு விரற்கிடை மேலே நிற்கும்படி சுற்றிலும் வெட்டுவார்கள். பின்புறத்தில், சிறுநீரும் புழுக்கையும் படும் இடத்தில், இன்னும் ஒட்ட வெட்டுவார்கள். பஞ்சுவுக்கு நெற்றி முடியையும் குறைப்பார்கள், கண் தெரிய வேண்டுமே. கத்தரி முனை மழுங்கியதாக இருப்பது முக்கியம்.

சிக்கும் சடையும்

முடிக்குள் சிக்கு விழுவது ஒரு நாளில் நடக்கும். அது சடையாக இறுகுவதற்கு ஒரு வாரம் போதும். சீவும் முறையை அந்த அம்மா நன்றாகக் கற்றுக்கொண்டது ஓர் ஐப்பசி மாதத்தில். நான்கு நாள் விடாத மழை, வீட்டில் விருந்தினர். சீவுவதைத் தள்ளிப்போட்டார்கள். ஐந்தாம் நாள் முத்துவைத் தூக்கியபோது வயிற்றடியில் கை ஈரமாகத் தட்டுப்பட்டது. அடிவயிற்று முடி சிறுநீரில் ஊறி, உமி ஒட்டி, அப்பளம்போல ஒரே தகடாகிவிட்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால், கீழே தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது. அந்த மாதிரி அழுக்கு முடியில்தான் ஈ முட்டையிடும். முட்டை ஒரே நாளில் பொரிந்து, புழு உயிருள்ள சதையையே அரிக்கும். மழைக்காலத்தில் நாள்தோறும் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது அன்று முதல் அந்த வீட்டுச் சட்டம்.

சீவுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அகலப் பல் சீப்பு ஒன்று, குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் ஒன்று, மடியில் விரிக்க ஒரு துண்டு, வாய்க்குக் கொத்தமல்லித் தழை. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்புறத்தைத் தாங்கி. முதலில் முதுகு, பிறகு பக்கங்கள். அது ஆசுவாசமான பிறகு அக்குள், அடிவயிறு, பின்தொடை. சடை விழுவதெல்லாம் இந்த ஒளிவிடங்களில்தான். சீவும் இடத்தின் வேர்ப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுத்தால் தோல் இழுபடாது. பெண் குழந்தைக்குத் தலை பின்னியிருப்பவர்களுக்கு இது சொல்லாமலே வரும்.

விரலால் பிரியாத சடையை மல்லுக்கட்டிப் பிடுங்கக் கூடாது. கினிப்பன்றியின் தோல் மெல்லியது. சடையோடு சேர்ந்து மேலே எழும்பி வரும், கத்தரியில் அகப்பட்டுக்கொள்ளும். சடைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். சீப்பு அங்கே வேலி மாதிரி.

கூண்டைச் சரிசெய்தால் சீப்புக்குப் பாதி வேலை மிச்சம். புல் வைக்கும் கூடை தலைக்கு மேலே தொங்கினால் தூசும் துரும்பும் கழுத்து முடிக்குள் கொட்டும். மூக்கு மட்டத்துக்கு இறக்கினால் கொட்டாது. மரத்தூள் நீளமுடியில் ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டில் அடியில் ஈரம் உறிஞ்சும் பழைய பருத்தித் துண்டும் மேலே ஃபிளீஸ் துணியும் விரித்து, புழுக்கையைக் காலையும் மாலையும் கூட்டி எடுக்கிறார்கள். ஈரம் படும் மூலைத் துணி தினமும் மாறும்.

மீதிச் சுத்தத்தைக் கினிப்பன்றியே பார்த்துக்கொள்ளும். சில வேளை அதன் கண்ணில் பால்போல வெள்ளைத் துளி ஊறும். முன்னங்கால்களால் அதைத் தொட்டு முகம் முழுவதும் தேய்த்துக் கழுவிக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் கண்ணில் சீழ் வந்துவிட்டது என்று பதறுவார்கள். சில நொடியில் மறைந்தால் அது கழுவும் நீர்; ஒட்டிக்கொண்டு நின்றால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆண் கினிப்பன்றிக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. முதுகெலும்பு முடியும் இடத்தில், வால் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, ஒரு மெழுகுச் சுரப்பி இருக்கிறது. அதன் கசிவு முடியில் பிசினாக இறுகிவிடும். தண்ணீருக்கு அது அசையாது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பஞ்சால் துடைத்தால் கழன்று வரும். சீயக்காயால் ஏற்பட்ட வருத்தம் பாட்டிக்கு நெடுநாள் இருந்தது. இந்தத் தேங்காயெண்ணெய் வைத்தியத்தை மருத்துவர் சொன்னபோது, அதைச் செய்யும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

குளிப்பாட்டியே ஆகவேண்டிய நாள்

பின்புறம் அழுக்காகிவிட்டால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசினால் போதும். முழுக் குளியல் பஞ்சுவுக்கும் முத்துவுக்கும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான். அடிக்கடி குளித்தால் தோலின் எண்ணெய்ப்பசை போய் வறண்டு அரிக்கும். சினையாக இருப்பதையும் உடம்பு சரியில்லாததையும் மருத்துவர் சொல்லாமல் குளிப்பாட்டக் கூடாது.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து, முற்பகல் பத்து பதினொரு மணிக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஜன்னல் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். குளிப்பதற்கு முன்பே முழுவதும் சீவியாக வேண்டும். சிக்கில் தண்ணீர் பட்டால் அது இறுகி முடிச்சாகிவிடும். இரண்டு பிளாஸ்டிக் பேசின், ஒன்று குளிக்க, ஒன்று அலச. அடியில் ஒரு துண்டு, கால் வழுக்கினால்தான் அதற்குப் பயமே பிடிக்கும். தண்ணீர் நான்கு சென்டிமீட்டர் ஆழம், கைக்குழந்தைக்கு விளாவுவதுபோல மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்த சூடு. கழுத்துக்குப் பின்னாலிருந்து குவளையால் மெதுவாக ஊற்றுவார்கள். தலையிலும் காதிலும் ஒரு சொட்டு படக் கூடாது. முகத்துக்கு ஈரத்துணியே போதும்.

ஷாம்பு சிறு பிராணிகளுக்கென்று விற்கும் வாசனையற்றது, அதுவும் தண்ணீரில் கரைத்துத்தான். மனிதர் ஷாம்பு, நாய் உண்ணிக்கான சோப்பு, பவுடர் எதுவும் வேண்டாம். சீயக்காய் ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, வழவழப்பு போகும்வரை அலசிவிட வேண்டும். நுரை மிச்சமிருந்தால் அரிக்கும், கினிப்பன்றி அதை நக்கியும்விடும்.

குளிப்பாட்டுவதைவிடத் துவட்டுவதுதான் வேலை. மூன்று துண்டு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தேய்த்தால் முடி முறுக்கிச் சிக்காகும். அதனால் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். பிறகு ஹேர் டிரையர், மிகக் குறைந்த சூட்டில், ஓரடி தள்ளி, நடுவில் தங்கள் கையை வைத்துச் சூடு பார்த்தபடி. பஞ்சு அந்தச் சத்தத்துக்கு அசையாது. முத்துவுக்கு ஆகாது, அதனால் அது மகளின் மடியில் உலர்ந்த துண்டுக்குள் ஒரு மணி நேரம் இருந்து காயும். மேல்முடி காய்ந்து அடிமுடி ஈரமாகவே இருந்தால் சளி பிடிக்கும், நுரையீரல் அழற்சிவரை போகும். பூஞ்சைப் படையும் வரும். அது தூக்குகிறவர் கைக்கும் ஒட்டிக்கொள்ளும். தலை குளித்தால் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். இந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகையே ஆகாது.

இரண்டையும் ஒரே நாளில் குளிப்பாட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. கினிப்பன்றி கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் இதைத் தனியாக வளர்க்கவே அனுமதிப்பதில்லை. ஒன்றையொன்று வாசனையால்தான் அவை அறியும். ஒருமுறை பஞ்சுவை மட்டும் குளிப்பாட்டிக் கூண்டில் விட்டபோது, முத்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வெளியாள் வந்ததுபோல எதிர்த்து நின்றது. அவை பழையபடி சேர்ந்து படுக்க இரண்டு நாள் ஆயிற்று.

மடியில் இருக்கும்போதே

சீவும் பத்து நிமிடம் சோதனை நேரமும்கூட. முன்கால்களில் நாலு நாலு, பின்கால்களில் மூன்று மூன்று என்று பதினான்கு நகம். மாதம் ஒருமுறை நுனியை வெட்ட வேண்டும். நகத்துக்குள் ஓடும் ரத்தக்குழாய் வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்துக்கு அடியிலிருந்து டார்ச் அடிக்க வேண்டும். தவறிப்போய் ரத்தம் வந்தால் சோளமாவு வைத்து அழுத்தினால் நிற்கும். காதுக்குப் பின்னால் முடியில்லாத சின்ன வழுக்கை எல்லாக் கினிப்பன்றிக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். வேறெங்காவது முடி கொட்டி, செதில் உதிர்ந்து, வெறிபிடித்ததுபோலச் சொறிந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம்; அரிப்பு முற்றினால் வலிப்பே வரும். அதற்கு ஊசியும் மருந்தும் மருத்துவரிடம்தான். பேன் இருக்கிறதா என்று பார்க்க வீட்டுப் பேன்சீப்பே உதவும். அதை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முடி மங்கிச் சொரசொரப்பானால் தட்டையும் பார்க்க வேண்டும். மனிதரைப்போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யை உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. நாளுக்குக் கிலோ எடைக்கு 10 மில்லிகிராமாவது தீனியிலிருந்து போக வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு வீங்கும், ஈறு கசியும், முடி கெடும். பஞ்சுவுக்கும் முத்துவுக்கும் தினம் ஆளுக்கொரு துண்டு குடைமிளகாய், இடையிடையே ஒரு கொய்யாத் துண்டு. வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் எடை. முடி மூடியிருப்பதால் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

இப்போது அந்த வீட்டில் இரவு எட்டு மணிக்குச் சீப்பு வெளியே வரும். பிரிட்ஜில் கொத்தமல்லி வைத்த பை சரசரத்தாலே கூண்டிலிருந்து 'வீக், வீக்' என்று இரட்டைக் கூச்சல் எழும். பாட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடியில் துண்டு விரித்து, "வாடா சாமி" என்று பஞ்சுவை வாங்கிக்கொள்வார். வேர்ப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து நுனியிலிருந்து சிக்கெடுப்பார். பஞ்சு கொத்தமல்லித் தண்டை மென்று முடிப்பதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். மறுபக்கத்துக்குத் திருப்பும்போது பேத்தி அடுத்த தண்டை நீட்டுவாள்.