மல்லிகைக்கு விலை வைப்பது மண்ணும் பருவமும்

பல நாடுகள் தம் மண்ணிலும் தட்பவெப்பத்திலும் சிறப்பாக விளைவதைப் பிற நாடுகளுக்கு விற்கின்றன. கேரள மலைச்சரிவின் மழையும் நிழலும் மிளகு வாணிபத்தை வளர்த்தன. மதுரைச் சமவெளியின் செம்மண்ணும் வெயிலும் குண்டுமல்லியை வளர்த்தன. மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பருவம்

கோடையில் பூ பெருகும்; எல்லோர் தோட்டத்திலும் பெருகுவதால் விலை சரியும். மார்கழி, தை மாதங்களில் பனியால் மகசூல் குறையும். பொங்கலும் தை முகூர்த்தங்களும் அதே சமயத்தில் வருவதால் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை பல மடங்கு ஏறும்.

இட அமைவு

காலையில் பறித்த மொட்டு மாலையில் விரிந்துவிடும். எனவே சந்தையின் தூரத்தை மணிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரும் துபாயும் நான்கைந்து மணி நேர விமானப் பயணத்தில் உள்ளன. பூச்சூடும் நம் மக்களும் அங்கு வாழ்கின்றனர். ஆகவேதான் நம் மொட்டு அங்கே விற்கிறது. விரிந்த பூவை ஏற்றுமதியாளர் வாங்கமாட்டார்.

செய்ய வேண்டியவை

1. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து செய்யுங்கள்.

2. நன்கு முற்றிய, விரியாத மொட்டுகளை அதிகாலையில் பறித்து, வெயில் ஏறுமுன் அனுப்புங்கள்.

3. விலை சரியும் மாதங்களுக்கு, மல்லிகையிலிருந்து வாசனைப் பொருள் எடுக்கும் ஆலைகளிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

4. நிலம் முழுவதிலும் மல்லிகை மட்டும் வைக்காதீர்கள். விலை சரியும் மாதத்தில் வேறொரு பயிர் குடும்பச் செலவைத் தாங்கும்.