போரின் காரணத்தை அறிந்தவர் யார்?



உயிர்க்கொலை தவிர்த்தல் பஞ்சசீலத்தின் முதற் சீலம். ஒருவன் மற்றொருவனைக் கொன்றால் பழி எவனைச் சாரும் என்பதில் ஐயமில்லை. ஓர் அரசாங்கம் போர் தொடுத்துப் பல்லாயிரவர் மாண்டால் பழி எவரைச் சாரும்? இதுவே இன்றைய பாடம்.

தம்மபத உரை கூறும் வரலாறு இது. சாக்கியர்க்கும் கோலியர்க்கும் இடையே ரோகிணி ஆறு ஓடியது. கோடையில் நீர் குறையவே, இரு கரையிலும் வயல்வேலை செய்தோர் சண்டையிட்டனர். வசைமொழி அரசகுலத்தார் செவிக்கு எட்டியது, படைகள் திரண்டன. பகவன் புத்தர் அங்கு எழுந்தருளி, இக்கலகம் எதன்பொருட்டு என வினவினார். அரசர்கள் அறியார், சேனாபதி அறிவார் என்றனர். அவரும் அறியார். ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு, இறுதியில் கூலியாட்களே "நீருக்காக" என்றனர். கொல்லப் புறப்பட்டோர்க்குக் காரணமே தெரியவில்லை!

பாபாசாகேப் அம்பேத்கர், 1957 இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இவ்வழக்கை வேறு விதமாக உரைக்கிறார். சாக்கியர் சங்கத்தில் போர்த் தீர்மானம் வந்தபோது சித்தார்த்தர் எழுந்து மறுத்தார். நடுவர் ஐவரைக் கொண்டு தீர்க்கலாம் என்றார். பெரும்பான்மையோர் அதனைத் தள்ளினர். பெரும்பான்மை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றலாம். தீவினையை நல்வினையாக்க அதனால் இயலாது.

இவ்வுண்மை 2003 இல் உலகின் கண்முன் மீண்டும் நின்றது. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன எனக் கூறி, பிரிட்டிஷ் பிரதம மந்திரி டோனி பிளேர் அமெரிக்காவுடன் சேர்ந்து போருக்கு முனைந்தார். மந்திரி ராபின் குக் உடன்படாது மார்ச் 17 இல் பதவி துறந்தார். மறுநாள் காமன்ஸ் சபை 412 வாக்குகளால் போருக்கு இசைந்தது. எதிர்த்தோர் 149 பேர். அவ்வாயுதங்களோ அகப்படவில்லை.

2009 இல் அமைந்த சில்காட் விசாரணைக் குழு, 2016 ஜூலை 6 இல் அறிக்கை வெளியிட்டது. சமாதான வழிகள் தீருமுன்னரே போரில் இறங்கினர் என்றும், ஆதாரம் தாங்காத உறுதியுடன் அபாயத்தை உரைத்தனர் என்றும் அது கண்டது. 2009 ஜூலைக்குள் மாண்ட ஈராக்கியர் குறைந்தது 1,50,000 பேர் என்றது. பிளேர் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் தம் முடிவு சரியென்றே சாதித்தார்.

தம்மைக் கேள்வி கேட்க எவரும் இல்லாத அசோக மாமன்னரோ, கலிங்கத்தில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டதையும் தம் 13 ஆம் பாறைக் கல்வெட்டில் தாமே பொறித்தார். தம் துயரை வெளியிட்டார். தம்ம வெற்றியே தலையாய வெற்றி என்றார். செய்ததைத் தன் பெயரால் ஒப்புதல், மாண்டோரை எண்ணுதல், வழியை மாற்றுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பொறுப்பேற்றல்.

சேதனையே, அதாவது மனத்தின் நோக்கமே, கம்மம் என்பது பகவரின் போதனை. ஆகவே வினை போர்வீரனின் வாளில் தொடங்குவதில்லை. ஆணையிட்டவரின் எண்ணத்தில் தொடங்குகிறது. சபையில் இசைந்த ஒவ்வொருவர்க்கும், ஆராயாது ஆரவாரித்த மக்கட்கும் அதில் பங்குண்டு. "சபை முடிவு செய்தது" என்று எவரும் ஒதுங்க முடியாது.

வாக்குரிமை உடைய நாம் போர்முரசு கேட்கும்போது மூன்று கேள்விகளைத் தவறாது கேட்போமாக: கூறப்படும் காரணம் மெய்யா? நடுவர் வழி முயலப்பட்டதா? பின்னர்க் கணக்கு உரைப்பவர் யார்? இவற்றைச் சங்கக் கூட்டத்தில் கூடி ஆராய்க.

நமோ புத்தாய!