நாட்டின் வாயுக்கணக்கும் நெல்வயலும்

வரவுசெலவுக் கணக்கைப் போன்று, ஒரு நாட்டிலிருந்து வளிமண்டலத்தைச் சேரும் பச்சைவீட்டு வாயுக்களுக்கும் கணக்கு எழுதப்படுகின்றது. ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்ற உடன்படிக்கையை இலங்கை 1993 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டதனால், இக்கணக்கை அளித்தல் அதன் கடமையாயிற்று. சக்தி, கைத்தொழில், கமத்தொழிலும் காடும் அடங்கிய நிலப்பயன்பாடு, கழிவு என அது துறைதுறையாக வகுக்கப்படும். கமக்காரருக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கக்கூடும். வயலில் நீர் எத்தனை நாட்கள் நிற்கின்றது, வைக்கோல் எப்போது மண்ணிற் சேர்க்கப்படுகின்றது என்பனவும் அக்கணக்கைத் தீர்மானிக்கும் எண்களேயாகும்.

இந்நாட்டில் வாயு வெளியீடு பெருகியதற்கு முதற்காரணம் வயலன்று. நெடுங்காலம் மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்வீழ்ச்சிகளிலிருந்தே பெறப்பட்டது. தேவை பெருகவே, 1990களின் நடுப்பகுதிக்குப் பின் எண்ணெயும், 2011 ஆம் ஆண்டு முதல் நுரைச்சோலையில் நிலக்கரியும் எரிக்கப்படலாயின. 2014 இல் அந்நிலையம் 900 மெகாவாற்று அளவை எட்டியது. வாகனங்களும் பெருகின. அவ்வாறிருந்தும் இலங்கையில் ஆளொருவருக்கு ஆண்டொன்றில் எழும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 1 தொன்னேயாம். உலகச் சராசரியோ 4 தொன்னுக்கு மேற்பட்டது.

எதிர்காலக் கணிப்பு இருவகையாகச் செய்யப்படும். இன்றைய போக்கு மாறாது தொடர்ந்தால் எவ்வளவு என்பது ஒன்று. சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தால் எவ்வளவு என்பது மற்றொன்று. 2021 முதல் 2030 வரையான காலத்தில் 14.5 சதவீதம் குறைப்பதாக இலங்கை 2021 இல் அறிவித்தது. அதில் 4 சதவீதம் சொந்த முயற்சியாலும் 10.5 சதவீதம் வெளியுதவி கிடைப்பின் அதனாலும் ஆகும். இக்குறைப்பு முதலாவது கணிப்பிலிருந்து கழிக்கப்படுவதேயன்றி, அன்றைய அளவிலிருந்து கழிக்கப்படுவதன்று. பலரும் இதனை மாறாக விளங்கிக்கொள்கின்றனர்.

குறைவெல்லாம் நன்மையுமன்று. 2022 இல் எரிபொருளின்றி வாகனங்கள் நின்றபோது புகை குறைந்தது. அதனை எவரும் முன்னேற்றம் என்னார். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. எனினும் அவ்வாண்டுக் காலபோகத்தில் நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. ஆகவே விளைச்சலைக் காத்துக்கொண்டே வாயுவைக் குறைக்கும் வழிகளே கமக்காரருக்கு வேண்டப்படுவன.

நீர் தேங்கிய வயல்மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போகும். அந்நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் அழுகும் வேரையும் தாளையும் சிதைத்து மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதன் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுத்துளைகளின் வழியே மேலேறும். 2006 ஆம் ஆண்டின் சர்வதேசக் கணக்கீட்டு வழிகாட்டியின்படி, இடைவிடாது நீர் நிற்கும் வயலில் எக்டேருக்கு நாளொன்றுக்கு 1.3 கிலோ மெதேன் எழும். மண்ணுக்கு மண் இது வேறுபடும். இது பொதுச் சராசரியே. நூறு நாட்களுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 52 கிலோ ஆகின்றது. நூறாண்டுக் கணக்கில் மெதேனின் வெப்பமூட்டும் வலு காபனீரொட்சைட்டைப் போல் 28 மடங்கு. எனவே ஓர் ஏக்கர் வயல், 550 லீற்றர் டீசலை எரிப்பதற்கு நிகரான வெப்பத்தை விளைவிக்கின்றது. அந்த ஏக்கரை உழும் இயந்திரம் குடிப்பதோ இதில் மிகச் சிறு பங்கு!

போகத்தினிடையே பலமுறை நீரை வற்றவிட்டுப் பாய்ச்சினால், அவ்வழிகாட்டியின்படி மெதேன் 52 சதவீதமாகக் குறையும். பாய்ச்சும் நீரும் மிச்சமாகும். முதல் மூன்று வாரங்கள் களையை அடக்குவதற்கு நீர் நிற்கட்டும். பின்னர் ஓரடி நீளமான பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, அப்பாதியை வயலிற் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். குழாயினுள் நீர்மட்டம் நிலமட்டத்திற்குக் கீழே 15 சதமமீற்றருக்கு இறங்கியதும் மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் காலத்தில் மட்டும் வயல் காயலாகாது. குளத்து நீர் முறைவைத்து விடப்படும் இடங்களில் தனியொருவர் இதனைச் செய்தல் கடினம். போகக் கூட்டத்தில் வாய்க்கால்வாரியாக முடிவுசெய்தலே தகும். வடபகுதி மானாவாரி வயல்களில் மழையிடைவெளியே இவ்வேலையைச் செய்துவிடுகின்றது.

வைக்கோலை எரிப்பதிலும் மண்ணுக்குச் சேர்ப்பது மேல். ஆனால் காலமறிந்து சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 2 தொன் உலர் வைக்கோலை விதைப்பை அண்டி மண்ணிற் புதைத்தால், மெதேன் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஒரு மாதத்திற்கு மேல் முந்திப் புதைத்தால் 1.7 மடங்கு, அதே நிறையளவு கூட்டெரு இட்டால் 1.1 மடங்கே.

மரக்கறித் தோட்டங்களில் மெதேன் பொருட்டன்று. அங்கு நைதரசு ஒட்சைட்டே கணக்கில் வரும். அதன் வலு 265 மடங்கு. இட்ட நைதரசனில் 1 சதவீதம் அவ்வாறு போவதாகக் கொண்டால், ஓர் அந்தர் யூரியாவுக்கு 96 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஈடாகும். பயிர் கொள்ளாத மிகுதியோ நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு இறங்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்வோர் இதனை நன்கறிவர். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாது சிறிது சிறிதாகப் பிரித்திட்டு, அளவாக நீர் இறைத்தல் வேண்டும். நீரை வற்றவிடும் நெல்வயலில், நிலம் காய்ந்திருக்கும்போது யூரியாவை இட்டு உடனே நீர் பாய்ச்சினால் பசளை வேரடிக்கு இறங்கும்.