கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம் படம், பாட்டு, கேம் என்று போய்விடும். இரண்டாவது வாரமே ஒரு கேள்வி கிளம்பும்: "இதில் எதைப் படித்தால் உடனே வேலை கிடைக்கும்?"

என் அத்தையும் போன மாதம் போன் செய்து இதையேதான் கேட்டார். "ஐயா, பாப்பா பி.காம். முடிச்சிட்டா. ஏதோ ஏ.ஐ. கோர்ஸாம், 80 ஆயிரமாம். வேலை நிச்சயம்னு சொல்லுதாங்க. வளையல அடகு வச்சிக் கட்டிரவா?"

"ஒரு வாரம் பொறுங்க அத்தை" என்றேன். அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

2018-ல் நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தபோது, இதே போன்ற வாக்குறுதியை நம்பி 35 ஆயிரம் ரூபாய் கட்டினேன். மூன்று மாதம் ஆசிரியர் திரையில் டைப் செய்ததை நாங்களும் அப்படியே டைப் செய்தோம். சான்றிதழும் கிடைத்தது. முதல் இன்டர்வியூவில் இரண்டு பட்டியல்களைக் காட்டினார்கள். ஒன்றில் வாடிக்கையாளர்கள், மற்றதில் அவர்கள் கொடுத்த ஆர்டர்கள். "இதுவரை ஒரு ஆர்டர்கூடக் கொடுக்காதவர்கள் யார் என்று எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவர்களை எடுக்க எனக்குத் தெரியும். இல்லாதவர்களை எடுக்கத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு கோர்ஸின் பெயர் தெரிந்திருந்தது, வேலை தெரியவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். இன்று கேட்கப்படும் சில வேலைகளையும், ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செலவில்லாமல் செய்து பார்க்கும் வழியையும் இங்கே தருகிறேன்.

பெயர் போகும், அடிப்படை நிற்கும்

ஒரு காலத்தில் ஃபிளாஷ் கற்றவர்களுக்கு நல்ல கிராக்கி. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவாகி, 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எஸ்க்யூஎல் மொழி இன்றும் டேட்டாபேஸ் வேலைகளுக்கு அடிப்படை. ஃபிளாஷில் அனிமேஷனின் அடிப்படையைக் கற்றவர்கள் வேறு சாஃப்ட்வேருக்கு மாறிக்கொண்டார்கள். மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் நின்றுவிட்டார்கள்.

1. டேட்டா அனலிஸ்ட்

குவிந்து கிடக்கும் கணக்குகளிலிருந்து பயனுள்ள பதிலை எடுத்துத் தருவது இவர் வேலை. தேவையானவை: எக்செல் போன்ற ஸ்பிரெட்ஷீட், எஸ்க்யூஎல், ஓரளவு புள்ளியியல்.

பயிற்சி: எக்செல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸை இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். வீட்டுச் செலவு நோட்டை எடுத்து தேதி, பொருள், வகை, தொகை என்று நான்கு காலம்களில் மூன்று மாதக் கணக்கை ஏற்றுங்கள். பிறகு இன்செர்ட் மெனுவில் பிவட் டேபிள் என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்த வகைக்கு எவ்வளவு செலவு என்று பாருங்கள். "பால்" என்று ஓரிடத்திலும் "ஆவின் பால்" என்று இன்னோரிடத்திலும் அடித்திருந்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டும். இப்படிப்பட்ட பிழைகளைத் தேடித் திருத்துவதிலேயே இந்த வேலையில் நிறைய நேரம் போகும். அது உங்களுக்குச் சலிக்கவில்லை என்றால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும்.

2. சாஃப்ட்வேர் டெஸ்டர்

மற்றவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பது இவர் வேலை. பொறுமை, சந்தேகப்படும் குணம், தெளிவாக எழுதும் திறன் ஆகிய மூன்றும் வேண்டும். புரோகிராம் மூலம் தானாகச் சோதிக்கும் முறையைப் பின்னர் கற்கலாம்.

பயிற்சி: எக்செல்லில் ஒரு செல்லில் 60 என்று டைப் செய்யுங்கள். கன்ட்ரோல் கீயுடன் 1-ஐ அழுத்தி, அந்த செல்லின் வடிவத்தை தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். 1900 லீப் வருடம் அல்ல. நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம். ஆக, அப்படி ஒரு நாளே இருந்ததில்லை! பழைய லோட்டஸ் 1-2-3 பைல்களோடு ஒத்துப்போவதற்காக இந்தத் தவறு எக்செல்லிலும் வைக்கப்பட்டது. இப்போது திருத்தினால் பழைய பைல்களில் தேதிகள் ஒரு நாள் தள்ளிப்போகும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள். லிப்ரே ஆபீஸில் இதையே செய்தால் பிப்ரவரி 28 என்று வரும்.

இதை மூன்று வரிகளில் எழுதுங்கள்: நான் என்ன செய்தேன், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. நீங்கள் எழுதிய முதல் பிழை அறிக்கை இதுதான்.

3. புரோகிராமர்

பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று பல மொழிகள் உண்டு. முதலில் ஒன்று போதும். 1991-ல் வெளிவந்த பைதான் இலவசம், எளிது. கணக்கைச் சிறு சிறு படிகளாக உடைத்து யோசிப்பதுதான் இங்கே தேவைப்படும் திறன்.

பயிற்சி: யூனிட்டைக் கொடுத்தால் உங்கள் வீட்டு மின் கட்டணத்தைச் சொல்லும் புரோகிராம் எழுதுங்கள். யூனிட் கூடும்போது விலை மாறுவதால் இது நல்ல சோதனை. வந்த தொகையை உண்மையான பில்லோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் எங்கே தவறு என்று தேடுங்கள். அந்தத் தேடல் பிடித்திருந்தால் மேலே படிக்கலாம்.

4. லினக்ஸ், கிளவுட் நிர்வாகி

நிறுவனங்களின் சர்வர்களை ஓடவைத்துக் காப்பாற்றுபவர் இவர். லினக்ஸ், நெட்வொர்க், பேக்கப் ஆகியவை அடிப்படை. அதன் மேல்தான் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் கிளவுட் சேவைகள்.

பயிற்சி: உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்குங்கள். "டிரை" என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் ஹார்டு டிஸ்கில் எதையும் இன்ஸ்டால் செய்யாமலே பார்க்கலாம். "இன்ஸ்டால்" பக்கம் மட்டும் இப்போது போக வேண்டாம். முதலில் முக்கியமான பைல்களை வேறு டிரைவில் காப்பி செய்து வையுங்கள். நிர்வாகியின் முதல் பாடமே அதுதான்.

செக்யூரிட்டி வேலையில் ஆசை உள்ளவர்களும் இங்கிருந்தே தொடங்க வேண்டும். எதையும் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே சோதியுங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

ஏ.ஐ. வந்த பிறகும் இவை தேவையா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் அலுவலகத்தில் அதைப் பயன்படுத்துகிறேன். கேட்டால் நொடியில் புரோகிராம் எழுதித் தரும். சில நேரம் தவறாகவும் எழுதும், ஆனால் சரியானதைப் போலவே இருக்கும். தவறைக் கண்டுபிடிக்க அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். ஏ.ஐ.யிலேயே வேலை பார்க்க விரும்பினால் பைதானும் புள்ளியியலும் கணிதமும் தவிர்க்க முடியாதவை. மூன்று மாதத்தில் இவை எல்லாவற்றையும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

பணம் கட்டும் முன்

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் பாடத்திட்டத்தையும், இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். முன்பு படித்தவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். நான் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. "வேலை உத்தரவாதம்" என்று வாயால் சொன்னவர்கள், ரசீதில் "வேலை தேட உதவி" என்றுதான் எழுதியிருந்தார்கள்.

அத்தை மகள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். மாமாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டை ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றினாள். "செல்வம்", "செல்வம் அண்ணாச்சி", "செல்வம் டீக்கடை" என்று மூன்று பெயர்களில் இருந்தவர் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்துச் சேர்த்தாள். மாமா தனித்தனியாகப் பார்த்து "சின்னக் கடன்தானே" என்று விட்டிருந்தது, சேர்த்தபோது 11 ஆயிரத்தைத் தாண்டியது.

இப்போது எஸ்க்யூஎல் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்டர்வியூவில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருக்கிறது. அத்தையின் வளையலும் கையிலேயே இருக்கிறது.

இந்த நான்கில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று ஊகிக்க வேண்டாம். இந்த வாரம் ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் அடுத்தது. ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.